முகில் ஏறுமுன் போய்ச் சேருங்கள்: ஹோட்டன் சமவெளிக்கு ஒரு வழிகாட்டி

ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "உலக முடிவு தெரியுமா?" என்பதுதான். சமவெளியின் தென் விளிம்பில் நிலம் செங்குத்தாக முடியும் இடத்தின் பெயர் அது. அந்தக் கேள்விக்கான விடை பருவத்தில் தங்கியிருப்பதைவிட மணிக்கூட்டில் தங்கியிருப்பதே அதிகம். காலை எட்டரை மணிக்கு அந்த விளிம்பில் நிற்பவர் காலடியிலிருந்து தாழ்நிலம் வரை விரிந்து கிடக்கும் நாட்டைப் பார்க்கிறார். பத்தரை மணிக்கு அதே கல்லின் மேல் வந்து நிற்பவர் வெண்மையைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்புகிறார். நான் முதன்முதலில் போனபோது இரண்டாமவராகத்தான் இருந்தேன். நுவரெலியாவில் ஆறுதலாகக் காலையுணவு உண்டுவிட்டுக் கிளம்பியதன் விலை அது. அதன்பின் போன ஒவ்வொரு தடவையும் இருட்டிலேயே புறப்பட்டிருக்கிறேன். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை அந்த அதிகாலைப் புறப்பாட்டைச் சுற்றியே அமைந்தவை.

முகில் ஏன் அப்படி நேரம் தவறாமல் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிதாகும். சமவெளியின் தென் விளிம்பு ஒரே செங்குத்தாகக் கீழே விழுகிறது. கீழேயுள்ள தாழ்நிலத்தில் வெயில் ஏற ஏறச் சூடாகும் காற்று, ஈரத்தையும் சுமந்துகொண்டு அந்தப் பாறைச் சுவரோடு மேலெழும்புகிறது. மேலே வர வரக் குளிர்ந்து, விளிம்பை எட்டும் வேளையில் முகிலாகிவிடுகிறது. ஆகவே வானம் முழுவதும் தெளிவாக இருக்கும் நாளிலும் ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பு மூடிக்கொள்ளக்கூடும். காத்திருந்தால் சில வேளை ஒரு காற்று வந்து திரையை விலக்கிக் காட்டும் என்றாலும், அதை நம்பிப் பயணத்தை ஒழுங்கு செய்ய முடியாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் கிடக்கும் உயர்நிலம் இது. பரப்பளவு ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர். சிங்களத்தில் மகா எலிய என்று பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. நடக்கும்போது காலடியில் பஞ்சுபோல் அமுங்கும் அந்தக் கரிய சேற்று மண்தான், மழையையும் முகிலையும் உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள் என்று பலகைகளில் எழுதியிருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே மிகவும் நல்லவை. மழை குறைவு, காலைகள் தெளிவு. ஆனால் குளிர் கடுமையாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை சில விடியல்களில் புற்களின் மேல் உறைபனி படிந்திருக்கும். வெயில் பட்டதும் ஒவ்வொரு புல்நுனியிலும் வெண்பனி உருகித் துளியாகி விழுவதை அருகே குந்தியிருந்து பார்க்க வாய்த்தால், இரவில் பட்ட குளிரெல்லாம் மறந்துபோகும். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு பலமாக வீசும். விளிம்பில் நிற்பதே சிரமமாக இருக்கும் நாள்களும் உண்டு. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை மழையும் மூட்டமும் கூடியவை. அக்காலத்திலும் முகிற்காட்டின் அழகைப் பார்க்கவென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உலக முடிவை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

ஏப்ரல் மாதத்தைத் தவிர்க்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். புத்தாண்டு விடுமுறையும் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டமும் ஒன்றாக வரும் அந்த நாள்களில், அறை வாடகை ஏறுவதோடு, வாயிலில் வாகனங்கள் நீள வரிசையில் நின்று, அதிகாலையில் எழுந்து வந்த பயனே இல்லாமல் போய்விடும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளும் அப்படியே. வார நாளொன்றில், செவ்வாயோ புதனோ, போக முடிந்தால் பாதையில் உங்கள் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடக்கலாம்.

எவ்வழியாகப் போவது

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். தூரம் குறைவென்று நினைத்து ஏமாறக் கூடாது. வளைவும் ஏற்றமும் இருட்டும் மூட்டமும் சேர்ந்து ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது அங்கே நிற்பதற்கு நாலரை மணிக்காவது விடுதியை விட்டுப் புறப்பட வேண்டும். வான் சாரதியிடம் முதல்நாள் இரவே நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மலைநாட்டுச் சாரதிகளுக்கு இந்தப் புறப்பாட்டு நேரம் பழக்கமானதுதான். ஆனாலும் "ஐந்தரைக்குப் போனால் போதும்" என்று யாராவது சொன்னால் இணங்கிவிட வேண்டாம்.

ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வருவோருக்கு ஒஹிய வழியாக ஏறும் பாதை 38 கிலோமீற்றர் அளவில் அமையும். புகையிரதத்தில் வர விரும்புவோர் கொழும்பு–பதுளைப் பாதையில் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம். பட்டிப்பொல, இந்நாட்டுப் புகையிரத நிலையங்களிலேயே உயரமானது. 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒஹிய நிலையத்திலிருந்து பூங்காவின் நடுவிலுள்ள பார் இன் கட்டடத்துக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம். நிலையத்தருகே ஓட்டோ பிடிக்கலாம், நடந்தும் ஏறலாம். ஆனால் புகையிரதத்தில் வந்து இறங்கும் நேரத்துக்கு உலக முடிவைப் பார்க்கும் வேளை பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும் என்பதால், முதல்நாளே வந்து அருகில் தங்குவது நல்லது. மலைப்பாதையில் மண்சரிவு காரணமாகச் சேவை தடைப்படும் காலங்கள் உண்டு. புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அக்கரபத்தனையிலிருந்து தியகம தோட்டத்தின் ஊடாகவும் ஒரு வழி இருக்கிறது. அதன் நிலைமையைத் தோட்டத்து மக்களிடம் கேட்டறியாமல் வாகனத்தை விடுவது சரியல்ல.

பூங்காவுக்குள்ளேயே தங்க விரும்பினால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகளையும் கூடாரமிடும் இடங்களையும் முன்கூட்டிப் பதிவுசெய்ய வேண்டும். இரவு தங்குகிறவருக்குக் கிடைக்கும் பெரும்பேறு, வாயிலில் வரிசையில் நிற்காமல் விடியலின் முதல் வெளிச்சத்திலேயே வெளிக்கு வந்துவிடலாம் என்பதுதான். ஆனால் அந்தக் குளிருக்குச் சாதாரணப் போர்வை போதாது.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு தொகை என்பதோடு முடிவதில்லை. குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், அவற்றின் மேல் வரி என்று கூடிக்கொண்டு போகும். வெளிநாட்டவருக்கு இது உள்நாட்டவரைவிடப் பல மடங்கு. தனியாக வருகிறவர்கள் ஒரே வாகனத்தில் சேர்ந்து வந்தால் செலவு பகிர்ந்துபோகும். இலங்கையர் அடையாள அட்டையையும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். கட்டணமும் முன்பதிவு நடைமுறையும் அவ்வப்போது மாறுவதால் முதல்நாள் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எதை எடுப்பது, எதை விடுவது

ஒரு தடித்த குளிர்ச்சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் இரண்டு மூன்று மெல்லிய உடைகளே இங்கே பயன்படும். ஆறு மணிக்குக் கைவிரல் விறைக்கும். ஒன்பது மணிக்கு வியர்க்கும். உச்சி வெயில் சூடாகத் தெரியாவிட்டாலும் இந்த உயரத்தில் தோலைச் சுட்டுவிடும் என்பதால் தொப்பி கட்டாயம். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட சப்பாத்து வேண்டும். பாட்டாச் செருப்போடு வந்து, சேறும் உருளைக்கற்களும் கலந்த பாதையில் கால் பிசகியவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை அங்கி எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை மிகவும் கவனமாக இருக்க வேண்டியது அதன் சுற்றுப்பொதியில்தான். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. நுழைவிடத்தில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்த்து, பிஸ்கற் உறைகளை அகற்றுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியுள்ள பெயர்த்தாளைக்கூட உரித்தெடுப்பார்கள். லஞ்ச் சீற் எனும் பொலித்தீன் தாளில் கட்டிய சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து, அங்கே நின்று தவிக்கும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். வாழையிலையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ கொண்டுவந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தோட்டப்புறத்தில் மலைக்குப் போகிறவர்கள் காலங்காலமாகக் கொண்டுபோகும் ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான் இந்த நடைக்கும் மிகப் பொருத்தமான உணவு. ஆறினாலும் சுவை கெடாது, கையைக் கழுவத் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனையை யாரும் தொந்தரவாக எண்ணக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பார் இன் அருகே வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு மரைகள் வந்து நிற்கும். தமிழகத்து வாசகர்கள் கடமான் என்று அழைக்கும் அதே விலங்குதான் இங்கே மரை. ஒருமுறை, கிளைத்த கொம்புடைய ஆண் மரையொன்று என்னிடமிருந்து நாலைந்து அடி தூரத்தில் நின்று, எங்கோ இருந்து பறந்து வந்த பொலித்தீன் உறையொன்றை நக்கி நக்கி, கடைசியில் வாய்க்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். உப்பும் இனிப்பும் ஒட்டியிருக்கும் உறை அதற்குத் தீனியாகவே தெரிகிறது. வயிற்றில் சேரும் பொலித்தீன் செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்தபடியே விலங்கு பட்டினியால் இறக்கிறது. அப்படி இறந்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே நிற்கும் மரைக்குப் பாணோ பிஸ்கற்றோ கொடுப்பதும், அது கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்படி பழக்குவதும் அன்பான செயல் அல்ல.

நடை

பார் இன், ஆங்கிலேயர் காலத்து வேட்டை விடுதி. இப்போது பார்வையாளர் நிலையம். இங்கிருந்து தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி இங்கேயே திரும்பும் வட்டப்பாதையின் நீளம் ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர். மூன்று மணித்தியாலத்தில் முடிக்கலாம். நான்கரை எடுத்துக்கொள்வதே நான் சொல்லும் யோசனை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவு என்று காட்டும் பக்கத்தைத் தெரிந்தெடுங்கள். மறுபக்கம் போனால் முதலில் நீர்வீழ்ச்சி வரும், விளிம்பை அடையும்போது முகிலும் வந்துவிடும். நீர்வீழ்ச்சி எந்த நேரத்திலும் இருக்கும். விளிம்பின் காட்சிதான் காத்திருக்காது.

முதற்பகுதி திறந்த புல்வெளி. மலைநாட்டில் பத்தனை என்று சொல்லும் நிலம் இது. எத்தனையோ ஊர்களின் பெயரில் ஒட்டியிருக்கும் அந்தச் சொல்லின் உண்மையான பொருளை இங்கே கண்ணால் காணலாம். முழங்கால் உயரத்துக்குக் குத்துக் குத்தாக வளர்ந்த புல், தாழ்வான இடங்களில் ஓடை, ஓடைக்கரையில் குட்டை மூங்கில், ஆங்காங்கே தனித்து நிற்கும், சிவந்த பூக்கொத்து ஏந்திய மரங்கள். இந்தச் செந்நிறப் பூமரம், நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்லப்படுவதன் நெருங்கிய உறவு. முள்ளும் மஞ்சள் பூவுமாக ஒரு புதரும் கண்ணில் படும். படமெடுக்க அழகாயிருக்கும் அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பரவி, உள்ளூர்ப் புல்லை விரட்டிக்கொண்டிருக்கும் களை. தொண்டர்கள் கூடிப் பிடுங்கியும் அது தீர்ந்தபாடில்லை. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு இத்தகைய விதைகள் இடம் மாறும் என்பதால், வரும்போதும் போகும்போதும் அடிப்பாகத்தைத் தட்டித் துடைத்துவிடுவது நல்ல பழக்கம்.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழையும் இடத்தில் பலர் நடையை வேகமாக்கிவிடுகிறார்கள். நான் வேண்டிக்கொள்வது அதற்கு நேர்மாறானது. இந்தக் குட்டை மரக்காடு, முகிலைப் பிடித்து நீராக்கும் காடு. காற்றோடு வரும் முகில், இலைகளிலும் கிளைகளில் தொங்கும் பாசியிலும் பட்டுத் துளியாகித் தரையில் சொட்டுகிறது. மழையே பெய்யாத காலையிலும் மரத்தடி நனைந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தமிழகத்தின் மேற்கு மலைகளில் சோலைக்காடு என்பது எதுவோ அதுவே இங்கே கீன மரங்களோடு நிற்கிறது. கிளைகள் முறுகி, தலைகள் தட்டையாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது காற்றின் வேலை. இடையிடையே சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள் கூட்டமாக நிற்பதையும் காண்பீர்கள். பல பத்தாண்டுகளாக இக்காட்டில் மரங்கள் இப்படி நின்றபடியே இறந்துவருகின்றன. ஆய்வுகள் பல நடந்தும், இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட இயலவில்லை.

காட்டின் கீழ்த்தட்டில் நெலு என்ற செடிகள் நெருங்கி வளர்ந்திருக்கும். நம் இலக்கியம் கொண்டாடும் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தவை இவை. ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் ஒன்றாகப் பூத்து, விதைத்து, ஒன்றாகவே மடிந்துபோகும். விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் கூட்டங்கூட்டமாக இந்தக் காட்டுக்குள் வந்து சேரும். பூக்காத ஆண்டில் போகிறவர் அந்தப் பச்சைச் செடிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சிறிய உலக முடிவில் அதிகம் பேர் நிற்பதில்லை. ஆகவே ஐந்து நிமிடம் அங்கே உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து விளிம்பை ஒட்டியபடி, ஏறியிறங்கிச் செல்லும் பாதை உலக முடிவுக்குக் கொண்டுபோகிறது. தொடக்கத்திலிருந்து அது நான்கு கிலோமீற்றர் தூரம். 850 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் காலடியில் திறக்கிறது. நேர் கீழே தேயிலைத் தோட்டத்தின் பச்சையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் கூரைகளும், அதற்கப்பால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து போவதும், தொலைவில் உடவளவை நீர்த்தேக்கத்தின் மினுக்கமும் தெரியும். மிகத் தெளிந்த காலையில் தென்கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிவதுண்டு. கீழேயிருந்து நாய் குரைக்கும் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் காற்றோடு ஏறிவருவதைக் கேட்டிருக்கிறேன். அத்தனை உயரத்தில் நின்று அந்தச் சத்தங்களைக் கேட்பது மனத்தை என்னவோ செய்யும்.

விளிம்பு முழுவதும் வேலி கிடையாது. பாறை ஈரமாக இருக்கும், சில இடங்களில் புல் மூடியிருப்பதால் நிலம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இங்கே விழுந்தவர்கள் பிழைப்பதில்லை. 2015இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர், படமெடுத்தபடி பின்வாங்கியபோது விழுந்து, பாறைச் சுவரில் வளர்ந்திருந்த மரமொன்றில் தங்கியதால் இராணுவத்தினரால் மீட்கப்பட்டார். அது அரிதிலும் அரிது. பிள்ளைகளின் கையைப் பிடித்திருங்கள், முதுகை விளிம்புக்குக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம், பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள். முகில் வந்துவிட்டால் இன்னும் கவனம்: பள்ளம் மறைந்துபோவதால் பயமும் மறைந்துபோகிறது, அதுதான் ஆபத்து.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு கிலோமீற்றர். 1848இல் நுவரெலியாவில் குடியேற்றமொன்றை அமைத்த சேர் சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. அவரும் அவரைப் போன்ற வேட்டைக்காரரும் இந்த மலைகளில் சுட்டுத் தீர்த்த யானைகள் பின்னர் இந்தச் சமவெளிக்குத் திரும்பவே இல்லை. பெலிஹுல் ஓயாவில் கலக்கும் ஓடை ஒன்று 20 மீற்றர் உயரத்திலிருந்து விரிந்து விழுகிறது. பார்க்கும் இடத்துக்கு இறங்கும் படிகள் செங்குத்தும் வழுக்கலுமானவை, முழங்கால் வலியுள்ளவர்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நீரில் இறங்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுக்கும் நீர் அது, உயிர்கள் போயிருக்கின்றன. நீர்வீழ்ச்சியிலிருந்து பார் இன் வரையான மூன்றரை கிலோமீற்றரில் களைப்பு தெரியத் தொடங்கும். உயரத்தில் மூச்சு சற்று முன்னதாகவே வாங்கும் என்பதால் பெரியவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

விலங்கும் பறவையும்

பெரிய விலங்குகளைத் தேடிப் போகிறவர் யால தேசிய பூங்காவுக்குப் போகட்டும். இங்கே மரையைத் தவிர மற்றெல்லாம் பொறுமைக்குக் கிடைப்பவை. சிறுத்தை இருக்கிறது, அதிகாலையிலும் அந்தியிலும் வீதியில் நடந்து போவதைக் கண்டவர்கள் உண்டு, அதனாலேயே வாயிலிலிருந்து பார் இன் வரை வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அடர்ந்த மயிரோடு கரடிபோலத் தோன்றும் மலைநாட்டு மந்திகளின் உரத்த குரல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும். மெல்லிய தேவாங்கின் மலைக்காட்டு வகையொன்று, பல பத்தாண்டுகள் கண்ணில் படாததால் அழிந்துவிட்டதோ என்று எண்ணப்பட்டிருந்து, 2010இல் அதன் புகைப்படம் வெளியாகி உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. இரவு விலங்காகையால் நடைபோகிறவர் அதைக் காணப்போவதில்லை. ஆனால் அது இந்த மரங்களிலேயே எங்கோ உறங்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தோடு நடப்பது வேறு.

நான் எல்லோரையும் தேடிப் பார்க்கச் சொல்வது ஓர் ஓணானை. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கொம்பு ஓணான் வகைகளில் ஒன்று இந்த மலைக்காடுகளில் வாழ்கிறது. மூக்கு நுனியிலிருந்து வெண்மையான கொம்பொன்று முன்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு அது நன்றாக நீண்டிருக்கும். பாசி படர்ந்த அடிமரத்தில், மார்பு உயரத்தில், தலை மேல்நோக்க ஒட்டியபடி அசையாமல் இருக்கும். மரத்துக்கு மரம் கண்ணால் தடவிப் பார்த்தபடி போனால், ஒரு கட்டத்தில் பாசித் திட்டொன்றுக்குக் கண் இருப்பது தெரியும். நான் கண்ட ஓணான், பத்து நிமிடத்தில் ஒரு காலை மட்டும் தூக்கி, பாதி வழியில் நிறுத்தி, பிறகு மெல்ல வைத்தது. அதற்குள் என்னைக் கடந்து முப்பது நாற்பது பேராவது உலக முடிவை நோக்கிப் போயிருப்பார்கள். தொடவோ பிடித்துத் திருப்பவோ வேண்டாம், குளிர்ந்த காலையில் அதனால் ஓடித் தப்ப இயலாது.

பறவை பார்ப்பவர்களுக்கு இது புண்ணிய பூமி. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியைக் காண, பட்டிப்பொலப் பக்கமிருந்து வரும் வீதியோரத்திலுள்ள அரெங்கா குளத்தருகே விடியற்காலையில் காத்திருப்பார்கள். அந்தப் பறவையின் பழைய அறிவியற்பெயரே குளத்துக்குப் பெயராயிற்று. கருநீல உடலோடு நிழலில் ஒளிந்து திரியும் அதைப் பார்ப்பதற்கு முன் அதன் கீச்சுக் குரலைத்தான் கேட்பீர்கள். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் மங்கல் நீல ஈப்பிடிப்பானும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் இவ்வளவு கூச்சமுள்ளவை அல்ல. பாதையோரத்துப் புதரிலேயே கிடைக்கும். இவை யாவற்றுக்கும் தேவையானது ஒன்றுதான்: ஒலிபெருக்கி இல்லாத காடு. கைப்பேசியில் பாட்டுப் போட்டபடி நடக்கும் குழுவொன்று முன்னால் போனால், பத்து நிமிடம் நின்று அவர்களைப் போகவிட்டுப் பின்னால் நடப்பதே உங்களுக்கு நல்லது.

இன்னும் நடக்க வலுவுள்ளவர்களுக்கு இரண்டு சிகரங்கள் இருக்கின்றன. பட்டிப்பொல நுழைவுப் பக்கமாக இருக்கும் தொட்டுபொல மலை 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். ஏற்றம் குறுகியது, ஒரு மணித்தியாலத்துக்குள் உச்சியை அடையலாம். இரண்டாவது உயரமான கிரிகல்பொத்த 2,389 மீற்றர். அதற்குப் போக மட்டும் ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர், பாதை பல இடங்களில் புதருக்குள் மறைந்து கிடக்கும். அதற்கு வேறொரு நாளை ஒதுக்கி, அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வழி தெரிந்தவரோடு மட்டுமே போக வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞையை நம்பி எங்கும் தனியே நுழைய வேண்டாம்.

நடை முடித்துப் பதினொரு மணியளவில் திரும்புகிறவர்கள் உடனே வாகனத்தில் ஏறிவிடாமல், புல்வெளியைப் பார்க்கும் இடமொன்றில் அமர்ந்து கொண்டுவந்ததை உண்ணலாம்; மிச்சத்தையும் கடதாசித் துண்டையும் அதே பையில் போட்டு வெளியே எடுத்துச் செல்ல வேண்டும், தோடம்பழத் தோலைக்கூட விட்டுவர வேண்டாம். மாலைவரை இருப்போமானால், பகலில் ஒதுங்கியிருந்த மரைகள் நான்கு மணிக்கு மேல் கூட்டமாகப் புல்வெளிக்கு வருவதைக் காணலாம். அந்த வேளையில் மூட்டமும் இறங்கும். மூட்டத்துக்குள் வீதியைக் கடக்கும் மரை வாகனத்துக்கு மிக அருகில் வந்தபின்தான் தெரியும். ஒன்று கடந்தால் பின்னால் குட்டியொன்று வரும். ஆகவே முன்விளக்கைத் தாழ்த்தி, ஒலியெழுப்பாமல், வாயிலைத் தாண்டும்வரை மிதிவண்டி வேகத்தில் ஓட்டும்படி சாரதியிடம் சொல்லுங்கள்.